வெள்ளிக்கிழமைத் தண்ணி

எங்கடை வாய்க்கால் ஆம்பிளையள் அவ்வளவு பேரும் ஒரே ரயிலிலை ஏறி ஊர்த் தேருக்குப் போகாமல் இருந்திருந்தால், நான் வட்டை விதானையா வந்திருக்க மாட்டன். இதைச் சொன்னால் இப்பத்தைப் பிள்ளையள் நான் கதை அளக்கிறன் எண்டு நினைக்குதுகள். அளக்கிறதெண்டால் இதைவிட நல்லா அளக்க எனக்குத் தெரியும். இது நடந்தது.

வட்டை விதானை எண்டால் குளத்துத் தண்ணியைப் பங்கிட்டு விடுகிற ஆள். துருசை, அதுதான் குளத்து மதகை, திறந்து தண்ணி வாய்க்காலுக்கு வந்த பிறகு, எண்டைக்கு ஆரின்ரை வயலுக்கு முறை, ஆரின்ரை வயல் மடையைப் பலகை போட்டு மூடுறது, ஆரின்ரை மடையைத் திறந்து விடுறது எண்டெல்லாம் சொல்லுறது அவர்தான். காலபோகத்திலை மழை பெய்யும், அவரை ஒருத்தரும் தேடாயினம். சிறுபோகத்திலை வானம் வெளிச்சுப் போகும். அப்ப பிள்ளையாருக்கு விளக்கு வைக்க முதல் விதானையாருக்கு ஒரு கும்பிடு போட்டிட்டுத்தான் போவினம்.

எங்கடை காணி அந்த வாய்க்காலிலை ஆகக் கடைசிக் காணி. அக்கராயன் பக்கம் காடு வெட்டிக் குடியேத்தேக்கை சீட்டுப் போட்டுத்தான் காணி குடுத்தவை. என்ரை மனிசன் எடுத்த சீட்டுக்குக் கடைசித் துண்டு விழுந்தது. அவருக்கு அதிலை ஒரு பிழையும் தெரியேல்லை. யாழ்ப்பாணத்திலை துலா மிதிச்சு இறைச்சு வளந்த மனிசன், தண்ணி எண்டால் கீழை இருந்து மேலை வாறது எண்டுதான் அவருக்குத் தெரியும். இஞ்சை அது பக்கத்திலை இருந்து வரும் எண்டும், வாற வழியெல்லாம் ஆக்கள் மண்வெட்டியோடை நிப்பினம் எண்டும் அவருக்கு ஆர் சொன்னது. வந்த பிறகுதான் படிச்சம்.

அடுத்தடுத்து இரண்டு சிறுபோகம் எரிஞ்சு போச்சு. மூண்டாவதுக்கு முதல் மனிசன் சொல்லிப்போட்டார், இந்த முறையும் பயிர் செத்தால் காணியை விட்டிட்டு ஊருக்குப் போய்த் தமையன் வீட்டிலை இருப்பம் எண்டு. சொன்னதோடை நிக்கேல்லை. என்ரை கூறைச்சீலையையும் நல்ல சீலையளையும் ட்ரங்குப் பெட்டிக்குள்ளை அடுக்கிப் பூட்டி, திறப்பை அரைஞாண் கயித்திலை கட்டிக்கொண்டார். ஏனெண்டு கேட்டால், கறையான் அரிக்கும் எண்டார். கறையானுக்குப் பயந்தவர் பெட்டியை ஏன் வாசலடியிலை கொண்டுவந்து வைக்கிறார். எனக்கென்ன கண் தெரியாதோ.

தமையன் வீடு எனக்குத் தெரியாத வீடில்லை. மச்சாள் சீனிப் பேணியை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுகிற ஆள். அங்கை போனால் நான் அவவின்ரை குசினியிலை இரண்டாவது அகப்பை. இஞ்சை எனக்கெண்டு ஒரு குசினி இருந்தது, ஓலைக் குசினிதான், மழைக்கு மூண்டு இடத்திலை ஒழுகும். ஆனால் அதுக்குள்ளை நிண்டு நான் வாய்விட்டுக் கத்தினால் காட்டிலை மயில்தான் மறுமொழி சொல்லும், ஒருத்தரும் 'உஸ்' எண்ட மாட்டினம். அந்தப் பெட்டியைத் தாண்டி ஒவ்வொருக்காலும் உள்ளை போய் வரேக்கை எனக்கு நெஞ்சு பத்தி எரியும். போகமாட்டன் எண்டு பெட்டிக்குத்தான் சொல்லுவன்.

இந்த நேரத்திலைதான் சிறுபோகக் கூட்டம் வந்தது. விதைக்கிற நாளும் தண்ணி விடுகிற நாளும் தீர்மானிச்சு, விதானையையும் தெரிஞ்செடுக்கிற கூட்டம். அது ஊர்க் கோயில் தேரண்டு வந்து விழுந்திட்டுது. எங்கடை ஆம்பிளையள் வன்னிக்கு வந்து காடு வெட்டினாலும் தேருக்கு வடம் பிடிக்க ஊருக்குப் போகாமல் இருக்காயினம். ஒவ்வொருத்தரும் தன்ரை பெண்சாதியிட்டை ஒரே கதையைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர்: "நீர் போய் இரும், முந்தின விதானையாருக்குக் கையைத் தூக்கிப்போட்டு வாரும்." முந்தின விதானையாருக்கு அண்டைக்கு ஊரிலை திருவிழா உபயம். அவரும் அதே ரயிலிலை போயிட்டார். நிக்காத ஆளுக்கு எப்பிடிக் கை தூக்கிறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

சங்கக்கடைக் கொட்டிலிலை கூட்டம். காணிக் கந்தோரிலை இருந்து வந்த ஐயா இடத்துக்குப் புதிசு. கொட்டில் நிறையச் சீலையைக் கண்டிட்டுத் திகைச்சுப் போனார்.

"ஆம்பிளையள் எங்கை?"

"தேருக்கு," எண்டு எல்லாரும் ஒரே குரலிலை சொன்னம்.

ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னேரம் ஸ்கந்தபுரத்திலை அவருக்கு வேறை கூட்டம். "நீங்கள் வோட்டுப் போடுறனீங்கள்தானே? அப்ப கையும் தூக்கலாம். ஆரை விதானையாப் போடுறியள்?"

முன்வரிசையிலை கதிரை போட்டு இருந்தவா முந்தின விதானையாரின்ரை பெண்சாதி. நாங்கள் எல்லாரும் அவவைப் பெரியக்கா எண்டுதான் கூப்பிடுறது. அவா நிமிர்ந்து இருந்து சொன்னா, "அவரைத்தான்."

"எவரை?"

"எங்கடை அவரை."

"பேரைச் சொல்லுங்கோ அம்மா."

புருசன்ரை பேரைப் பெரியக்கா கலியாணம் கட்டின நாளிலை இருந்து வாயாலை சொன்னதில்லை, கந்தோர் ஐயாவுக்காகச் சொல்லவும் மாட்டா. அவா எங்களைத் திரும்பிப் பார்த்தா, ஆராவது சொல்லுங்கோவன் எண்டு. நாங்கள் முந்தானையை வாய்க்குள்ளை அடைச்சுக்கொண்டு இருந்தம், சிரிப்பு வந்திடுமெண்டு. கடைசியிலை பின்னாலை இருந்து ஒராள் பேரைச் சொல்ல, ஐயா கேட்டார், "அவர் நிக்கிறாரோ?" நிக்கேல்லை. "நிக்காத ஆளைப் போடேலாது."

அந்த இடத்திலை எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. எழும்பிக் கேட்டன். "ஐயா, கடைசிக் காணிக்குத் தண்ணி வராட்டில் ஆரிட்டைச் சொல்லுறது? விதானையாரிட்டைச் சொன்னால் 'வரும் தங்கச்சி, வரும்' எண்டுறார். எனக்கு அவரின்ரை மறுமொழியை வயலுக்குப் பாய்ச்சேலாது."

ஐயா என்னைப் பார்த்துச் சிரிச்சார். "அப்ப நீங்கள் எடுங்கோவன்."

பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனால் எனக்குப் பக்கத்துக்காணி அக்கா இருக்கிறாவே, சிரிக்கத் தொடங்கினால் நிலம் அதிரும், அவா இரண்டு கையையும் தூக்கிப்போட்டா. அவவுக்கும் தண்ணி வராத காணிதான். அவா தூக்க மற்றவையும் தூக்கிச்சினம். தண்ணி வேணுமெண்டு தூக்கினவையும் இருந்தினம், சிரிப்பு அடக்கேலாமல் தூக்கினவையும் இருந்தினம். தூக்காமல் மடியிலை கை வைச்சுக்கொண்டு இருந்தவா பெரியக்கா மட்டுந்தான். ஐயா எழுதிக்கொண்டு சைக்கிளிலை ஏறிப் போயிட்டார்.

நான் வீட்டை வந்தது எனக்கு நினைவில்லை. கால் நிலத்திலை படேல்லை. தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குச் சொன்னன், குசினிக்குப் போய் அடுப்புக்குச் சொன்னன், பிறகு பெட்டிக்கும் சொன்னன். உலையிலை அரிசி போட மறந்து வெறுந்தண்ணியைக் கொதிக்க வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

ஆம்பிளையள் கச்சான்கடலையோடையும் காப்போடையும் வந்து இறங்கிச்சினம். என்ரை மனிசன் எனக்குப் போடக் கண்ணாடிக் காப்பு வாங்கி வந்தவர். அதைக் கையிலை ஏத்திக்கொண்டே சொன்னன், "நான்தான் இந்தமுறை வட்டை விதானை."

"விசர்க்கதை கதையாதையும்."

வேலிக்கு அங்காலை நிண்ட அக்கா, "உண்மை தம்பி, நான் இரண்டு கையும் தூக்கினனான்," எண்டா. மனிசன் அப்பிடியே பெட்டிக்கு மேலை இருந்திட்டார்.

முந்தின விதானையார் ஆக்களோடை கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடிச்சவர். தீர்மானிச்சது தீர்மானிச்சதுதான், கடைசிக் காணி வரைக்கும் தண்ணி போகாமல் பயிர் செத்தால் அப்ப கூட்டம் வைச்சு மாத்தலாம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம். திரும்பி வாற வழியிலை அவர் சொன்னாராம், "விடுங்கோ. பிள்ளை கொஞ்சநாள் விளையாடட்டும்." என்னை மாத்துறதுக்கு ஆக லேசான வழி என்ரை வயலையே காய விடுறதுதான் எண்டு எல்லாருக்கும் விளங்கிவிட்டுது. எனக்கும் விளங்கிச்சுது, கொஞ்சம் பிந்தி.

முதல் முறையிலை நான் விட்ட பிழை, முந்தினவர் மாதிரி நடந்ததுதான். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரைக்கட்டிலை நடந்து, ஒவ்வொரு மடைக்கும் பலகை போட்டுச் சேறு அப்பிக்கொண்டு வந்தன். "கடைசிக் காணியளின்ரை முறை, ஒருத்தரும் பலகையிலை கை வைக்கப்படாது," எண்டு சத்தம் போட்டன். "ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி" எண்டிச்சினம். நான் ஒரு வளைவு திரும்ப, பின்னாலை பலகை எழும்பும். ஓடிப்போய் அதைப் போட, முன்னாலை எழும்பும். நாய் வாலைப் பிடிக்கச் சுத்தின மாதிரி அண்டு முழுக்க அந்தக் கட்டிலை ஓடினன். எங்கடை மடைக்கு வந்து சேர்ந்தது ஒரு தவளையும் கொஞ்சச் சேறும்.

பயிர் மஞ்சளிச்சுது. வயல் கால்விரல் போகுமளவுக்கு வெடிச்சுது. மனிசன் என்னை ஏசேல்லை, ஏசியிருந்தால் நானும் இரண்டு ஏசி ஆறியிருப்பன். "அடுத்த முறையும் வராட்டில் பயிர் தாங்காது," எண்டு மட்டும் சொன்னார். "நாங்கள் போவம். நீரும் எவ்வளவுக்கெண்டு ஓடுறது." அந்த இரக்கந்தான் எனக்கு ஆகக் கூடின கோவத்தைத் தந்தது.

பிறகு ஒருநாள் காலமை. வேறை ஆக்களின்ரை முறை, நான் சும்மா கட்டிலை வாறன். பக்கத்துக்காணி அக்கா நெஞ்சுக்கு மேலை சீலையைக் கட்டின குறுக்குக்கட்டோடை வாய்க்காலுக்குள்ளை இருந்து சவுக்காரம் போட்டுக்கொண்டு இருக்கிறா. ஒரு கமக்காரர் மண்வெட்டியும் தோளுமா அந்த மடையை நோக்கி வாறார். அக்காவைக் கண்டார். இருமினார். திரும்பினார். தூரப் போய் மருதமரத்துக்குக் கீழை முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். அக்கா கையைத் தேய்ச்சா, காலைத் தேய்ச்சா, முகத்தைத் தேய்ச்சா, பிறகு மறந்துபோய்த் திரும்பவும் கையைத் தேய்ச்சா. அந்த மனிசன் எழும்பேல்லை. இருமவும் இல்லை. வாய்க்கால் தண்ணி தன்ரை பாட்டிலை ஓடிக்கொண்டிருந்துது.

நான் கட்டிலை அப்பிடியே இருந்திட்டன். சிரிச்சன் பாருங்கோ, வயிறு பிடிச்சுப் போச்சு. அக்கா என்னடி எண்டு கேக்கிறா, எனக்குச் சொல்ல ஏலேல்லை.

பொம்பிளை குளிக்கிற இடத்துக்கு ஆம்பிளை வரப்படாது. இது ஆரும் எழுதி வைச்ச சட்டமில்லை, ஆனால் எங்கடை சனத்திலை களவெடுக்கப் போறவன் கூட இந்தச் சட்டத்தை மீறமாட்டான். இரவிலை பயமில்லை, இரவிலை வாய்க்காலுக்கு யானை வரும், மடை வெட்டப் போற அளவுக்கு ஒருத்தருக்கும் துணிவில்லை. பகலை மட்டும் காத்தால் காணும். முறை போடுறது ஆர்? விதானை. விதானை ஆர்? நான். கடைசிக் காணியளின்ரை முறையை வெள்ளிக்கிழமைக்குப் போட்டன்.

வெள்ளிக்கிழமை பொம்பிளையள் எண்ணெய் முழுக்கு வைக்கிற நாள். சும்மா குளிப்பில்லை. நல்லெண்ணெய் வைக்கவேணும், அது ஊறவேணும், சீயாக்காய் தேய்க்கவேணும், அது போகவேணும், பிறகு மஞ்சள். ஒரு பொம்பிளை மனசு வைச்சால் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் இழுக்கலாம். ஒவ்வொரு மடையடியிலும் ஒவ்வொரு வீட்டுக்காரி எண்டு சொல்லிவிட்டன். ஒருத்தி களைச்சால் மற்றவள் மாத்தவேணும். எல்லாரும் ஒத்துக்கொண்டினம். தண்ணி முதல் போய்ச் சேருகிற மேல்காணிக்காரியளும் ஒத்துக்கொண்டினம், அதுதான் எனக்குப் புதினம். ஒருத்தி சொன்னாள், "தண்ணிக்காக இல்லை அக்கா, ஒருநாளாவது ஆறுதலாக் குளிக்கத்தான்."

ஒரு மடைதான் மிச்சம். முதல் மடை, முந்தின விதானையாரின்ரை வயல் மடை. அதைத் திறந்தால் கீழை எல்லாரும் சேத்திலைதான் எண்ணெய் முழுகவேணும். அதிலை குளிக்கவேண்டியவா பெரியக்கா. அவவுக்கு மறைப்புக் கட்டின சொந்தக் கிணறு இருக்குது, வாய்க்காலுக்கு வாற ஆளில்லை. போய்க் கேட்டன். அவா குசினியிலை மிளகாய் வறுத்துக்கொண்டு நிண்டவா, தும்மித் தும்மி நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டா. நான் எழும்பி வரேக்கை, "பாப்பம்," எண்டா. அவ்வளவுந்தான்.

வெள்ளி காலமை துருசைத் திறந்தாச்சு. நான் முதல் மடையடியிலை எண்ணெய்த் தலையோடை நிக்கிறன். கீழை வாய்க்கால் நீளத்துக்குப் பொம்பிளையள், குறுக்குக்கட்டும் குலைஞ்ச கொண்டையுமா, அவையின்ரை சிரிப்புச் சத்தம் எனக்குக் கேக்குது. முதல் மடையிலை மட்டும் ஒருத்தருமில்லை. நானே இறங்கிக் குளிக்கலாம், ஆனால் நான் தண்ணியோடை கீழை போகவேணும். முந்தின விதானையார் மண்வெட்டியோடை படலையைத் திறந்து வாறார். ஆறுதலா வாறார். எனக்கு ஊருக்குப் போற ரயில் சத்தமே காதிலை கேக்கத் தொடங்கிவிட்டுது.

அவருக்குப் பின்னாலை படலை இன்னொருக்கால் திறந்தது. பெரியக்கா. அள்ளி முடியாத தலைமயிர் முழங்கால் வரைக்கும், கையிலை எண்ணெய்ச் சிரட்டை. புருசனைத் தாண்டி வந்து, வாய்க்காலிலை இறங்கி, மடைப்பலகையிலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு இருந்தா. மனிசன் சட்டெண்டு திரும்பி முதுகைக் காட்டினார்.

"உமக்குக் கிணறு இருக்கெல்லே?"

"கிணத்திலை ஆரோடை கதைக்கிறது," எண்டா பெரியக்கா.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"எண்ணெய் இனித்தான் வைக்கவேணும். நீங்கள் போய்ச் சோத்தைப் போட்டுத் தின்னுங்கோ."

என்னைப் பார்த்து அவா கண்ணாலை 'போ' எண்டா. நான் போனனோ? பறந்தன். தண்ணியின்ரை தலை முன்னாலை போகுது, நான் அதோடை கட்டிலை ஓடுறன். ஒவ்வொரு மடையடியிலும் ஒரு பொம்பிளை கையைத் தூக்கித் தண்ணியை எனக்கு மேலை அடிக்கிறாள். ஒரு வளைவிலை சறுக்கி வாய்க்காலுக்குள்ளை விழுந்து, எழும்பித் திரும்ப ஓடினன். மருதமரங்களுக்குக் கீழை மேல்காணி ஆம்பிளையள் வரிசையா முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கினம், மண்வெட்டியளும் பக்கத்திலை குந்தியிருக்குதுகள். ஒராள் திரும்பாமலே கேட்டார், "விதானையார், இண்டைக்கு முடியுமோ?" முதல்தரம் ஒரு ஆம்பிளை என்னை அப்பிடிக் கூப்பிட்டது. "சீயாக்காய்க்கு வந்திட்டினம் அண்ணை," எண்டிட்டு ஓடினன்.

எங்கடை மடையடியிலை பக்கத்துக்காணி அக்கா குளிச்சுக்கொண்டு நிண்டவா. அதாலை என்ரை மனிசனுக்கும் கிட்ட வர வழியில்லை. அவர் எங்கடை வயலுக்கு நடுவிலை, வெடிப்புக்கு மேலை வெறுங்காலோடை, முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார்.

"வந்திட்டுதோ?"

"திரும்பாதேங்கோ."

"வருமோ?"

"திரும்பாதேங்கோ எண்டெல்லே சொல்லுறன்."

பலகையைத் தூக்கினன். தண்ணி உள்ளுக்கு விழுந்தது. முதல் வெடிப்புக்குள்ளை போய் மறைஞ்சுது, நிறைஞ்சு மேலை வந்தது, அடுத்த வெடிப்புக்குப் போச்சுது. அக்காவும் நானும் சிரிப்பை விட்டிட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டம். அது வளைஞ்சு வளைஞ்சு போய் அவரின்ரை குதிக்காலிலை முட்டினது. அவர் குனிஞ்சு பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கிச்சுது. அழுதாரோ சிரிச்சாரோ எனக்குத் தெரியாது, திரும்பாதேங்கோ எண்டு சொன்னவள் நான்தானே.

வீட்டை வந்தால் எனக்கு மாத்த ஒரு சீலையில்லை. பெட்டிக்கு வெளியிலை இருந்தது இரண்டுதான்: ஒண்டு உடம்பிலை நனைஞ்சு போச்சு, மற்றது தோய்ச்சு ஈரமாக் கொடியிலை. வாசலிலை தண்ணி சொட்டச் சொட்ட நிண்டு, பெட்டியைக் காட்டி, "திறவுங்கோ," எண்டன். அவர் அரைஞாணிலை இருந்து திறப்பை அவிட்டுப் பெட்டியைத் திறந்தார். மேலை கிடந்தது கூறைச்சீலை.

"இதையோ?"

"எதெண்டாலும் தாங்கோ. பொழுதுபட முதல் எங்கடை மடையை மூடவேணும்."

அவர் நிமிர்ந்தார். "இப்பதானே வந்தது. விடியும்வரைக்கும் கிடக்கட்டுமன். ஆர் பாக்கப்போயினம்?"

எனக்கு ஆசையில்லை எண்டு சொன்னால் அது பொய். வயல் இன்னும் குடிக்கும், எவ்வளவு விட்டாலும் குடிக்கும். ஆனால் முறை பொழுதுபடும்வரைக்குந்தான். நாளைக்கு மேல்காணிக்காரரின்ரை நாள், எனக்காக நாள்முழுக்கத் தண்ணிக்குள்ளை இருந்த பொம்பிளையளின்ரை வயல். "நான் பாப்பன்," எண்டன்.

கூறைச்சீலையைக் கட்டி, முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு மடையடிக்குப் போனன். மூடக் குனிய, பின்னாலை அவர் பலகையோடை நிக்கிறார். "தள்ளி நில்லும் விதானையார், நான் பிடிக்கிறன்," எண்டார். அவர் பிடிக்க நான் சேத்தை மிதிச்சு இறுக்கினன். அந்தப் பெட்டி பிறகு பூட்டுப்படேல்லை. போகம் முடிய அதை வாசலடியிலை இருந்து உள்ளை இழுத்து, அடுத்த போகத்துக்கு விதைநெல்லைக் கொட்டி வைச்சம்.